முந்நூற்றுப் பன்னிரண்டாம் எண் வாசகரின் கருத்து

தையலக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எங்கள் வாசகசாலையின் ஒரு கெட்ட வழக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதைப் பற்றி இரண்டு வரியாவது ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. சீட்டில் பெயர் எழுதக் கூடாது, உறுப்பினர் எண் மட்டும். பெயர் தெரிந்தால் மனிதர்கள் பொய் எழுதுவார்கள் என்பது இந்த வாசகசாலையைத் தொடங்கிய முதல் செயலாளரின் கட்சி. பெயர் தெரியாவிட்டாலும் எழுதுவார்கள் என்பது பதினோரு வருடமாக அந்தச் சீட்டுகளோடு மாரடிக்கும் என் கட்சி.

நான் இங்கே எழுத்தர். சீட்டுகளைக் கருத்துப் பதிவேட்டில் நகல் எடுப்பது என் தலையில் கட்டப்பட்ட வேலைகளில் ஒன்று. பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சில பக்கங்கள். இடதுபுறம் எண், வலதுபுறம் கருத்து. தேதிக்குக் கட்டமே போடவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் தேறிய சீட்டுகளை மட்டும் நகல் எடுத்தார். எது தேறும், எது தேறாது என்று மண்டையை உடைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை கிடையாது, வந்ததையெல்லாம் எழுதிவிடுவேன். எழுதும்போது படிப்பதில்லை. கை பாட்டுக்கு ஓடும், மனம் வீட்டில் ஊறவைத்த துணியில் இருக்கும். அசல் சீட்டுகளை வருடவாரியாகக் கட்டி, பின்னறையில் அட்டைப்பெட்டிகளில் போட்டுவிடுவோம்.

இந்த ஊரிலேயே பிறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாவு மில் வந்தபோது எங்கெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஜனங்கள்தான் எல்லோரும். அதனாலோ என்னவோ, எங்கள் வாசகசாலையில் அதிகம் கைமாறிய புத்தகம் ஒரு புல்வெளி நாவல். நீல அட்டை, நூறு வருடப் பழைய கதை, மொழிபெயர்ப்பு. கடல் கடந்து போன ஒரு கணவனும் மனைவியும் மரமே இல்லாத புல்வெளியில் வீடு கட்டிப் பயிர் வைக்கிறார்கள். மண் கட்டிகளை அடுக்கி வீடு எழுப்பும்போது, வாசலைத் தன் ஊர் இருக்கும் திசையில் வைக்கச் சொல்லிக் கேட்கிறாள் மனைவி. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது என்று கணவன் வேறு பக்கம் வைத்துவிடுகிறான். பிறகு முந்நூறு பக்கத்துக்கு மழை, வெட்டுக்கிளி, பனி, அறுவடை. அவன் நிலம் சேர்க்கிறான். அவள் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்துகிறாள்.

இந்த நாவலுக்கு வந்த கருத்துகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். 'மாடு செத்த இடத்தில் அழுதேன். மனிதர் செத்த இடத்தில் அழுகை வரவில்லை.' 'இதை எழுதியவருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.' 'அந்தப் பெண்ணை ஒரு வேலைக்கு அனுப்பியிருந்தால் நாவல் பாதியில் முடிந்திருக்கும்.' 'எழுத்து பொடி. கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று.' மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்தில் செயலாளர் இவற்றைச் சத்தமாக வாசிப்பார். யார் எழுதியது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

தையலக்கா இந்த ஊருக்கு வந்தது இருபத்தோராவது வயதில், கல்யாணமான நாற்பதாம் நாள். கணவருக்கு மில்லில் எடைமேடை வேலை. லாரி வந்து மேடையில் நின்றதும் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க எண்களைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர் அங்கே வாயைத் திறப்பதில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? "நாம எப்ப ஊருக்குத் திரும்பிப் போவோம்?" என்று இவள் முதல் மாதம் கேட்டாள். "பாக்கலாம்" என்றார். முப்பத்தொரு வருடம் அதே கேள்வி, அதே பாக்கலாம். இடையில் நான்கு முறை, விருந்தாளி மாதிரி, போய்விட்டு வந்தாள். அம்மா இறந்தபோது மில்லில் விடுப்பு கிடைக்கவில்லை, தனியாக அனுப்பவும் அவருக்கு மனமில்லை. தகவல் வந்த அன்று சாயங்காலம் அவர் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டு வழக்கம்போல ரேடியோ கேட்டார் என்று அக்கா என்னிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை இல்லை. வீட்டுச் சுவர்களோடு பேசிப் பேசிப் பைத்தியம் பிடித்துவிடுமென்று பயந்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கொதிகலனுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு தையல் மிஷின்கள், கூரை வரை அடுக்கிய விரிப்புகள், எந்நேரமும் ஆவியும் சலவைக்காரமும் கலந்த வாடை. கிழிந்த விரிப்பை வெட்டித் தலையணை உறை தைக்க வேண்டும். உறை கிழிந்தால் பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி. அதுவும் கிழிந்தால் தரை துடைக்க. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் சிவப்பு நூலால் வார்டு எண்ணும் விரிப்பு எண்ணும் தைக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் எண்கள் தைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

எடைமேடைக்காரர் ஒரு நாள் மேடைக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் போய்விட்டார். அடுத்த மாதம் அக்கா அவருடைய வாசகசாலை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் அவளை நான் முதல்முறை பார்த்தேன். ஒரு வருடம் கழித்து மறுபடியும் வந்து, "எனக்கும் ஒரு கார்டு போடும்மா. வீட்ல ரேடியோ சத்தம்கூட இல்ல" என்றாள். எண்பத்தேழாம் எண் கொடுத்தேன்.

மூன்றாவதோ நான்காவதோ புத்தகமாக அவள் எடுத்தது அந்த நீல அட்டை நாவல். மூன்று வாரம் வைத்திருந்தாள். திருப்பிக் கொண்டுவந்தபோது என் மேஜைமேல் வைத்துவிட்டு, அதன்மேலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"இத அவரு படிச்சிருக்காரும்மா. மில்லுல ஸ்ட்ரைக் நடந்துச்சே, அந்த வருஷம். வேலை இல்லாம வீட்ல உக்காந்து படிச்சாரு. முடிச்சிட்டு மூடி வச்சு, என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. ஏதோ சொல்லப் போறாருன்னு நெனச்சேன். எழுந்து கால் கழுவப் போயிட்டாரு. அப்ப எனக்கு இதுல என்ன இருக்குன்னு தெரியாது. இப்பத்தான் தெரியுது."

"சரிக்கா."

"அவரும் சீட்டு எழுதித்தானே குடுத்திருப்பாரு?"

கூடவே தங்கச்சி விஷயத்தையும் சொன்னாள். ஊரில் தங்கச்சி மாடி அறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு, வந்து தங்கிவிடு என்று கூப்பிடுகிறாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறை கல்யாணமாகப் போகிற அவள் மகனுக்கு.

"போயிடுங்கக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன். யார் எதைக் கேட்டாலும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிற ஆள் நான்.

"முப்பத்தொரு வருஷம் நான் இங்க என்ன பாடுபட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னா, அவரப் பொதச்ச ஊர்லயே நானும் கெடந்துட்டுப் போறேன். தெரியலைன்னா எனக்கு இங்க யாரும்மா இருக்கா?"

பதிவேட்டை எடுத்துப் புல்வெளி நாவலின் பக்கங்களைப் புரட்டினேன். எடைமேடைக்காரரின் எண்ணை அக்காவே சொன்னாள், முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணில் ஒரே ஒரு கருத்து இருந்தது, என் கையெழுத்தில். வாசித்துக் காட்டினேன்.

'வாசல் ஒரு சாக்குத்தான். எப்போது திரும்பிப் போவோம் என்று அவள் கேட்கிறாள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். சொல்லப் பதில் இல்லாததால் காற்றைக் காரணம் காட்டுகிறான். அவள் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.'

அக்கா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அழவில்லை. முகத்தில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பேச்சு வளர்ந்ததில் அவள் எழுத வேண்டிய சீட்டை இருவருமே மறந்தோம். புத்தகத்தை இன்னொரு முறை படிக்கிறேன் என்று திரும்பவும் எடுத்துப் போனாள். அன்று சாயங்காலமே தங்கச்சிக்குப் போன் செய்து, வரவில்லை, அறையை மகனுக்கே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டாள். தங்கச்சி திட்டினாளாம். திட்டட்டும் என்று சிரித்தாள்.

அடுத்து வந்த வாரங்களில் அக்காவைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. ஏதோ நானே அவளுக்குக் கணவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதைப் போல. அவரைப் பற்றிப் பேசும்போது "அவரு" என்பது "எங்க வீட்டுக்காரரு" ஆயிற்று. அவர் இருந்தவரை ஒரு தடவைகூட அப்படிச் சொல்லியிருப்பாளா என்று சந்தேகம்தான்.

மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்துக்கு வந்தாள். அதுவரை வந்ததே இல்லை. அன்றைக்குப் பேச்சு அந்த நாவலைப் பற்றியே போயிற்று. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், "அந்தம்மா சும்மா மூக்கால அழுதுக்கிட்டே இருக்கா, அதுதான் இந்த நாவலோட குறை" என்றார். அக்கா எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு இதப் பத்தி எழுதியிருக்காருங்க" என்று தொடங்கி, தாளைப் பார்க்காமல், ஓர் எழுத்துப் பிசகாமல் முழுவதையும் சொன்னாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசி வரிசையில் இருந்த ரொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டதை நானும் பார்த்தேன். உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் ரொட்டிக்காரர் என் மேஜைக்கு வந்தார். பேக்கரியில் அடுப்படி வேலை. ஐம்பது வயது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். மாவு வாசனை அவரை விட்டுப் போனதே இல்லை.

"அந்தம்மா சொன்னது... அது நான் எழுதினதும்மா" என்றார் மெதுவாக.

"உங்க நம்பர் என்ன?"

"முந்நூத்திப் பன்னெண்டு. நீங்கதானே குடுத்தீங்க?"

எங்கள் அட்டை அலமாரியில் நானூறு பொந்துகள்தான். ஒருவர் செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்தப் பொந்தும் எண்ணும் அடுத்து வருகிறவருக்கு. அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்த அதே வாரம், எடைமேடைக்காரர் பெயரின் மேல் வெள்ளை மை பூசி ரொட்டிக்காரர் பெயரை எழுதியது இந்தக் கைதான். அவருடைய கருத்தைப் பதிவேட்டில் எழுதியதும் இதே கை. படித்துக்கொண்டே எழுதியிருந்தால் அப்படி ஒரு கருத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ட்ரைக் நான் வேலைக்கு வருவதற்கு முந்தியது, அந்த வருடத்துக் கருத்து என் கையெழுத்தில் இருக்க வழியே இல்லை என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

"எதுக்கு அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டு? அவங்க வீட்டுக்காரரு எழுதினதாவே இருக்கட்டும். எனக்கு அதுல என்ன கொறையப் போகுது?" என்றார் ரொட்டிக்காரர். நல்ல மனிதர். ஒரு பெண்ணோடு ஒரு நாள்கூடக் குடும்பம் நடத்தாதவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கு ஏன் தெரியாமல் போகிறது என்று அப்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

மறுநாள் பின்னறைக்குப் போய் ஸ்ட்ரைக் நடந்த வருடத்துப் பெட்டியை இறக்கினேன். போகாமல் இருந்திருக்கலாம். அவரும் ஏதாவது நல்லதாக எழுதியிருப்பார், அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. ஒன்றரை மணி நேரம் தூசியில் தும்மித் தும்மித் தேடி அந்தச் சீட்டைக் கண்டுபிடித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் அதைத் தேறாததாக ஒதுக்கியிருந்தார். சரியாகத்தான் ஒதுக்கியிருந்தார். படித்துவிட்டு மேஜை இழுப்பறையில், முத்திரை மைக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். வாசகசாலைச் சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. பதினோரு வருடப் பழக்கம்.

பத்து நாள் போயிற்று. ஒரு மத்தியானம் அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையோடு நேராக என் மேஜைக்கு வந்தாள். கையில் நீல அட்டை நாவலும் அவளுடைய உறுப்பினர் அட்டையும். அட்டையை என்முன் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சத்தில் வெள்ளை மைக்கு அடியில் வேறொரு பெயர் தெரிந்தது.

"இந்த எண்பத்தேழு எனக்கு முன்னாடி யாருது?"

"யாரோ ஒரு டிரைவர்க்கா. மாத்தலாகிப் போயிட்டாரு."

"எங்க தையல் ரூம்ல ஒரு விரிப்பு கிழிஞ்சு போச்சுன்னா அந்த நம்பர வேற விரிப்புக்குத் தைக்கக் கூடாது. அப்படித் தைச்சா எது எந்த வார்டுல இருந்துச்சுன்னு ஒண்ணும் புரியாது. நீங்க தைப்பீங்களா?"

"அது... பொந்து நானூறுதான்கா இருக்கு. அதனால சில சமயம்..." என்று பூசி மெழுகப் பார்த்தேன்.

"அவரோட நம்பர் இப்ப யாருகிட்ட இருக்கு?"

சொன்னேன். "அந்த மனுஷன் அன்னிக்குக் கூட்டத்துல இருந்தாரு, இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாரு?" என்று அவள் கேட்டபோது, மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"தப்பு என்னோடதுதான்கா. தங்கச்சிகிட்ட திரும்பப் பேசிப் பாருங்க. வரேன்னு சொன்னா அவங்க வேண்டாம்னா சொல்லிடுவாங்க?"

"பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சுது. அந்த ரூம்ல இப்ப மருமக இருக்கா. புதுசா வந்த பொண்ண எழுப்பிவிட்டுட்டு நான் போய்ப் படுத்துக்கவா?" என்றாள். பிறகு, "அவரு எழுதினது இருக்கா, இல்லையா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கரையான் அரித்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது, எலி இழுத்துப் போய்விட்டது, சொல்ல எத்தனை இருந்தது! ஆனால் கேள்வி முடியுமுன் என் கண் இழுப்பறைக்குப் போய்விட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள். ஆயுள் முழுக்கப் பேசாத மனிதரின் முகத்தைப் படித்தே வாழ்ந்தவளுக்கு என் கண் எம்மாத்திரம்?

பூட்டைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கையெழுத்து அவளுக்குத் தெரியும். சாய்வே இல்லாமல், எடை ரசீதில் எழுதுவது போன்ற நேர் எழுத்து.

'நாவல் பரவாயில்லை. நிலம் வாங்குவது, அறுவடை எல்லாம் விறுவிறுப்பு. அந்தப் பொம்பளை வருகிற பக்கங்களை மட்டும் தள்ளிவிட்டுப் படித்தேன். கதை நன்றாகப் புரிந்தது.'

அக்கா ஒரு முறைதான் படித்தாள். சீட்டை மேஜைமேல் வைத்து, ஓரம் மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, "இத அந்த ரொட்டிக்காரருகிட்ட குடுத்துடும்மா. அவரோடது" என்றாள். வாங்கிக்கொண்டேன். அந்தத் தாள் வெதுவெதுப்பாக இருந்தது.

புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கிளம்பினாள். அப்போது நான் செய்த காரியத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அக்கா, சீட்டு."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேண்டாம்கா, போங்க என்று சொல்ல எழுந்தேன். அவள் அதற்குள் வெற்றுச் சீட்டு ஒன்றை இழுத்து, என் பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதிவிட்டாள். 87 என்று போட்டு, அதற்குக் கீழே: 'ஒரு பக்கம்கூட விடாமல் படித்தேன்.'

"ரெண்டாவது வரி வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்கா."

"ரெண்டாவதா எழுத எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் வாசகசாலைக்கு வரவில்லை. எண்பத்தேழாம் பொந்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் அவளுக்கு என்ன லாபம்? காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சாரியில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போவாள். நான் கையைத் தூக்குவேன். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவள் முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.